மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் புற்றுநோய்ச் செல்லுக்குள் சேர்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது மரபணுக்களின் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. இழை. மார்பகப் புற்றுநோய்ச் செல்லை எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. தூண்டிவிடுகிறது, எது அடக்கிவைக்கிறது என்பது கடந்த இருபது ஆண்டுகளில் கணிசமாகத் தெரிந்துவிட்டது. ஆய்வகத் தட்டில் வளரும் செல்களுக்குள் சரியான இழையைச் செலுத்தினால் அவை பெருகுவதை நிறுத்துகின்றன, பல நேரம் செத்தும் போகின்றன. இந்தப் பாதி வேலை முடிந்து வெகு நாளாகிறது. மீதிப் பாதிதான் இழுத்துக்கொண்டே போகிறது. நோயாளியின் நரம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தில் பயணம் செய்து, கட்டிக்குள் நுழைந்து, அங்குள்ள செல்லின் உட்புறம் போய்ச் சேர வேண்டும். அந்த வழியில் எங்கோ ஓரிடத்தில் ஏறக்குறைய மொத்த மருந்தும் தொலைந்துபோகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. அடிப்படையிலான புற்றுநோய் மருந்து ஒன்றுகூட இன்னும் விற்பனைக்கு வராததற்கு இதுவே முக்கியக் காரணம்.

"புற்றுநோயைத் தேடி அழிக்கும் நானோதுகள்" என்ற மாதிரித் தலைப்புகளை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு இது முரணாகத் தோன்றும். தலைப்புகள் பொய் சொல்வதில்லை. எலியில் நடந்ததை எலியில் நடந்தது என்று அழுத்திச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன, அவ்வளவுதான். இந்தத் துறையில் எலிக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள தூரம் வழக்கத்தைவிட அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

22 எழுத்து இழை செய்கிற வேலை

1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வுக்கூடம் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் ஒரு விசித்திரமான மரபணுவைக் கண்டது. லின்-4 என்ற அந்த மரபணு எந்தப் புரதத்தையும் உருவாக்கவில்லை. அதிலிருந்து வந்தது 22 எழுத்துகளே, அதாவது 22 வேதி அலகுகளே கொண்ட ஒரு குட்டி ஆர்.என்.ஏ. மட்டும். அந்தக் குட்டி இழை லின்-14 என்ற வேறொரு மரபணுவிலிருந்து புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.மீது ஒட்டிக்கொண்டு, அதன் புரத உற்பத்தியைக் குறைக்கிறது என்று கேரி ருவ்குனின் குழு அதே சமயத்தில் காட்டியது. புழுவின் தனிப்பட்ட விஷயம் என்று பலரும் அதைக் கடந்துபோனார்கள். 2000-இல் லெட்-7 என்ற இன்னொரு குட்டி ஆர்.என்.ஏ. கிடைத்தது, மனிதர் உட்படப் பெரும்பாலான விலங்குகளில் அது அப்படியே இருப்பதும் தெரிந்தது. அப்புறம்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மனித உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதாக இப்போது கணக்கு. 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் போனது.

செல்லின் உட்கருவில் முதலில் ஒரு நீண்ட, கொண்டை ஊசிபோல மடிந்த இழை உருவாகிறது. டிரோஷா என்ற நொதி அதை வெட்டிச் சுருக்குகிறது. உட்கருவை விட்டு வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி மறுபடி வெட்டி, சுமார் 22 எழுத்து நீளமுள்ள இரட்டை இழையாக்குகிறது. இரண்டில் ஓர் இழை ஆர்கோநாட் என்ற புரதத்துக்குள் போய் அமர்கிறது, மற்றது கழிந்துவிடுகிறது. ஆர்கோநாட் அந்த இழையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு தூது ஆர்.என்.ஏ.க்களைத் தேடுகிறது. இழையின் தொடக்கத்தில் இருக்கும் ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே போதும். பொருந்திய தூது ஆர்.என்.ஏ. சிதைக்கப்படும், அல்லது அதிலிருந்து புரதம் உருவாவது குறையும்.

ஏழெட்டு எழுத்துப் பொருத்தம் போதும் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்கள்மீது கைவைக்கிறது. ஒவ்வொன்றிலும் அது ஏற்படுத்தும் மாற்றம் சிறியது, பெரும்பாலும் பாதிக்கும் குறைவான சரிவு. ஆனால் ஒரே வேலைக்குப் பொறுப்பான பத்துப் பதினைந்து மரபணுக்களை ஒன்றாகச் சற்றே இறக்கினால், செல்லின் போக்கே திரும்பிவிடும். புற்றுநோய் ஒரே ஒரு மரபணுவின் கோளாறாக இருப்பது அபூர்வம். ஒரு வழியை அடைத்தால் அது இன்னொரு வழியில் போகும். அதனால் பல வழிகளில் ஒரே நேரத்தில் கைவைக்கும் மருந்து என்ற எண்ணம் ஆராய்ச்சியாளர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. இதே குணம் பின்னால் வினையாகவும் வந்தது.

மார்பகப் புற்றுநோயில் யார் யார்

2022-இல் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பேருக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 6.7 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் ஏற்பிகளோ ஹெர்2 புரதமோ உள்ள வகைகளுக்கு இன்று குறிபார்த்துத் தாக்கும் மருந்துகள் உண்டு. இந்த மூன்றும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம். அதற்கு அப்படிப்பட்ட பிடிமானங்கள் குறைவு. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சுற்றியே நடப்பதன் காரணம் அதுதான்.

மார்பகக் கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவுகள் தாறுமாறாக மாறியிருப்பதை 2005-இல் கார்லோ குரோச்சியின் குழு விரிவாகக் காட்டியது. கூடியிருந்தவை மிர்-21, மிர்-155 (மிர் என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம்). குறைந்திருந்தவை மிர்-125பி, மிர்-145. மிர்-21 மார்பகத்தில் மட்டுமல்ல, கிட்டத்தட்ட எல்லாத் திடக்கட்டிகளிலும் கூடுகிறது. செல் பெருக்கத்துக்குத் தடைபோடும் பி.டி.ஈ.என்., பி.டி.சி.டி.4 போன்ற காவல் மரபணுக்களை அது முடக்குகிறது. எதிர்ப்பக்கத்தில் மிர்-34ஏ இருக்கிறது. பி53 என்ற புகழ்பெற்ற காவல் புரதம் தூண்டிவிடும் அடியாள் இது. செல்லைச் சாகாமல் காக்கும் பி.சி.எல்.2, ஸ்டெம் செல் தன்மையைத் தரும் சி.டி.44, நாட்ச்1 எனப் பலவற்றை ஒரே சமயத்தில் அடக்கும். டிரிபிள் நெகட்டிவ் கட்டிகளில் மிர்-34ஏ பெரும்பாலும் வற்றிப்போயிருக்கும்.

எனக்கு இவற்றில் மிகவும் சுவாரசியமானது மிர்-10பி. ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடம் 2007-இல் அதன் வேலையைக் கண்டுபிடித்தது. மற்றவை பெரும்பாலும் கட்டி வளர்வதைப் பற்றியவை என்றால், இது கட்டி இடம்பெயர்வதைப் பற்றியது. ட்விஸ்ட் என்ற புரதம் மிர்-10பியை ஏற்றிவிடுகிறது, அது ஹாக்ஸ்டி10 என்ற மரபணுவை இறக்குகிறது, அதனால் செல்லுக்கு நகரும் சுபாவம் வந்துவிடுகிறது. 2010-இல் அதே குழு மிர்-10பியை முடக்கும் இழையை எலிகளுக்குக் கொடுத்தபோது, மார்பகத்தில் இருந்த மூலக்கட்டி சுருங்கவே இல்லை. ஆனால் நுரையீரலுக்குப் பரவியது வெகுவாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பரவல்தான். மூலக்கட்டியை அறுவை மருத்துவர் எடுத்துவிடலாம்; எலும்பிலும் நுரையீரலிலும் மூளையிலும் தெளித்துவிட்டதை எடுக்க முடியாது.

எல்லாமே இப்படி நல்லது, கெட்டது என்று பிரிந்து நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிர்-200 குடும்பம் செல்கள் தாய்க்கட்டியை விட்டுப் பிரிந்து நகர்வதைத் தடுக்கிறது. அந்த வகையில் நல்லது. அதே மிர்-200, ஏற்கெனவே வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்த செல்கள் அங்கே வேரூன்றிக் குடியேற உதவுகிறது என்று 2011-இல் தெரியவந்தது. எந்தக் கட்டத்தில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மருந்தே விஷமாகலாம்.

சிகிச்சை யோசனைகள் இரண்டு விதம். குறைந்துபோன மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குப் பதிலாகச் செயற்கை இரட்டை இழையைக் கொடுப்பது ஒன்று. இதை மிமிக் என்கிறார்கள். கூடிப்போனதன்மீது ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் ஒற்றை இழையைக் கொடுப்பது மற்றொன்று; இது ஆன்டிமிர். பார்த்தால் ஒரே நாணயத்தின் இரு பக்கம் போலிருக்கும். மருந்து தயாரிப்பவருக்கு அப்படி இல்லை. மிமிக் ஆர்கோநாட் புரதத்துக்குள் போய் அமர்ந்து வேலை செய்ய வேண்டும். அதனால் அதன் வேதியியல் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, இயற்கை ஆர்.என்.ஏ.வுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஆன்டிமிருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இலக்கின்மீது கெட்டியாக ஒட்டினால் போதும் என்பதால், நொதிகள் தொட முடியாத அளவுக்கு அதை உரமேற்றிவிடலாம். இந்த வித்தியாசம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் இன்று எது முன்னேறுகிறது, எது பின்தங்கியிருக்கிறது என்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ரத்தத்தில் இறங்கியதும் என்ன ஆகிறது

பாதுகாப்பு இல்லாத ஆர்.என்.ஏ.வை அப்படியே நரம்பில் ஏற்றினால் அது சில நிமிடங்கள்கூடத் தாங்குவது கடினம். ரத்தம் முழுக்க ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. என்றால் அது வைரஸாக இருக்கக்கூடும் என்று உடல் பரிணாம காலத்தில் பழகிவிட்டது. நொதிகளிடம் தப்பினாலும் சிறுநீரகம் இருக்கிறது. சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே உள்ள எதையும் அது வடிகட்டி வெளியேற்றிவிடும். அதற்கும் தப்பிச் செல் வாசலை அடைந்தாலும், ஆர்.என்.ஏ.வும் செல்சவ்வும் இரண்டுமே எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். போதாக்குறைக்கு, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை அடையாளம் காணும் காவல் ஏற்பிகள் நோயெதிர்ப்புச் செல்களில் இருக்கின்றன. அவை விழித்துக்கொண்டால் காய்ச்சல், நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும்.

நானோதுகள் இந்தச் சிக்கல்கள் அனைத்துக்கும் ஒரே உறையால் பதில் சொல்லப் பார்க்கிறது. 20 முதல் 150 நானோமீட்டர் வரையான அளவு இருந்தால் சிறுநீரகம் விட்டுவிடும். உள்ளே இருக்கும் இழையை நொதி தொடாது. மின்னூட்டமும் மறைந்துவிடும். உறையை எதில் செய்வது என்பதில் ஏகப்பட்ட வகைகள் உண்டு: கொழுப்பு, மட்கும் பாலிமர், தங்கம், சிலிக்கா, இரும்பு ஆக்ஸைடு, கைட்டோசான், செல்களே வெளியிடும் எக்ஸோசோம்கள். 2013-இல் ஜப்பானில் ஒரு குழு எக்ஸோசோம்களின் மேற்பரப்பில் ஒரு சிறு பெப்டைடைப் பதித்து, அவற்றுக்குள் லெட்-7ஏ இழையை வைத்து, இ.ஜி.எஃப்.ஆர். ஏற்பி கொண்ட மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்கு எலிகளில் கொண்டுசேர்த்தது. இப்படிப்பட்ட ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவதில் பயனில்லை. எல்லோருக்கும் பொதுவான இரண்டு தடைகளைப் பார்த்தால் போதும்.

முதல் தடை செல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. செல் நானோதுகளை விழுங்கும்போது, சவ்வு உள்வாங்கி ஒரு குமிழாகி, எண்டோசோம் என்ற பையாக மாறுகிறது. துகள் செல்லுக்குள் வந்துவிட்டது என்று நுண்ணோக்கிப் படம் காட்டும். உண்மையில் அது இன்னும் அந்தப் பைக்குள் அடைபட்டுத்தான் கிடக்கிறது. பை கொஞ்ச நேரத்தில் அமிலமாகி, உள்ளே இருப்பதை எல்லாம் செரித்துவிடும். அதற்குள் இழை பையைக் கிழித்துக்கொண்டு செல்திரவத்துக்குள் குதிக்க வேண்டும். ஆர்கோநாட் இருப்பது அங்கேதான். இதற்காக வந்தவைதான் அமிலத்தில் மட்டும் நேர்மின்னூட்டம் பெறும் கொழுப்புகள். ரத்தத்தில் சாதுவாக இருக்கும், எண்டோசோமின் அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெற்று அதன் சவ்வைக் குலைக்கும். கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் இருந்ததும் இந்த வகைக் கொழுப்புதான். நல்ல ஏற்பாடு. அப்படியும் எவ்வளவு தப்புகிறது? 2013-இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, விழுங்கப்பட்ட குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.வில் (மிமிக்கைப் போன்றே, ஆனால் ஒரே மரபணுவைக் குறிபார்க்கும் செயற்கை இரட்டை இழை) 1 முதல் 2 சதவீதம் மட்டுமே வெளியே வந்தது.

அந்த 1 சதவீதமே மருந்தாக வேலை செய்யப் போதும் என்பதற்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்பாட்ரோ சாட்சி. கொழுப்பு நானோதுகளில் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.வை அடைத்துக் கொடுக்கும் மருந்து அது. ஆனால் அதன் இலக்கு கல்லீரல். கொழுப்புத் துகள் ரத்தத்தில் இறங்கியதும் அபோ-இ என்ற புரதம் அதன்மீது வந்து ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் செல்கள் அதைக் கொலஸ்ட்ரால் துகள் என்று எண்ணித் தாமே இழுத்துக்கொள்கின்றன. வழியே தேட வேண்டாம். மார்பகக் கட்டிக்கு இப்படித் தயார்வழி எதுவும் இல்லை. கல்லீரலின் இந்த உபசரிப்பு வேறு இடத்துக்கு அனுப்பும் மருந்துக்கு இடைஞ்சலாகத்தான் முடிகிறது, வழியிலேயே பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்வதால்.

ஆயிரத்தில் ஏழு

இரண்டாவது தடை, கட்டிக்குள் நுழைவது. 1986-இல் ஜப்பானில் யசுஹிரோ மத்சுமுராவும் ஹிரோஷி மயேதாவும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அவசர அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுங்காக மூடப்பட்டிருக்காது, இடைவெளிகள் இருக்கும். வடிகாலாக வேலை செய்யும் நிணநீர்க் குழாய்களும் சரியாக இருக்காது. ஆகவே பெரிய மூலக்கூறுகள் கட்டிக்குள் கசிந்து அங்கேயே தங்கிவிடும். முப்பது ஆண்டுகள் நானோமருத்துவம் ஏறக்குறைய முழுக்க இந்த நம்பிக்கையின்மீது நின்றது.

2016-இல் டொராண்டோவில் வாரன் சானின் குழு, அதற்கு முந்தைய பத்தாண்டில் வெளியான விலங்கு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. செலுத்திய நானோதுகள்களில் கட்டியை அடைந்தது எவ்வளவு? இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம். ஆயிரத்தில் ஏழு. துறையில் பலருக்கு இது பிடிக்கவில்லை, கணக்கிட்ட முறையைக் குறைசொன்னவர்களும் உண்டு. சான் குழு விடவில்லை. 2018-இல் இன்னும் சங்கடமான எண்ணைக் கொண்டுவந்தது. புற்றுநோய்ச் செல்லைக் குறிபார்க்கும் ஆன்டிபாடியோ ஃபோலிக் அமிலமோ பூசிய துகள்களை எலிகளுக்குக் கொடுத்து, கட்டியின் எந்தச் செல்லில் எத்தனை துகள் என்று எண்ணிப் பார்த்தது. செலுத்திய பத்து லட்சம் துகள்களில் புற்றுநோய்ச் செல்லுக்குள் போனவை 14-க்கும் குறைவு. கட்டியை அடைந்தவற்றில் பெரும்பாலானவை செல்களுக்கு இடையேயான நார்ப்பின்னலில் சிக்கியிருந்தன, அல்லது ரத்தக்குழாய் ஓரமாக நிற்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்குசெல்களின் வயிற்றில் இருந்தன. 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு, துகள்களில் 97 சதவீதம் வரை குழாய்ச் சுவரின் இடைவெளிகள் வழியாகக் கசிந்து போகவில்லை, சுவரின் செல்களே அவற்றைச் சுறுசுறுப்பாகக் கடத்திவிடுகின்றன என்று காட்டியது. ஓட்டை இருக்கிறது, அதன் வழியே போய்விடும் என்ற பழைய படம் அத்தோடு ஆட்டம் கண்டது.

ஒரு ஊசியில் பல லட்சம் கோடித் துகள்கள் இருக்கும் என்பதால் பத்து லட்சத்தில் 14 என்பதும் பூஜ்யம் ஆகிவிடாது. ஆனால் மீதி எங்கே போகிறது என்ற கேள்வி வருகிறதல்லவா? கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, வெள்ளை அணுக்கள். வீணாகப் போனால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள்மீது கைவைக்கும் மருந்து அது. போன இடத்தில் சும்மா இருக்காது.

குறிபார்க்கும் பூச்சுகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஹெர்2 ஆன்டிபாடியோ, சி.டி.44-ஐப் பற்றும் ஹையலுரானிக் அமிலமோ பூசிவிட்டால் துகள் கட்டியைத் தேடிப் போகும் என்று பலர் எழுதுகிறார்கள். துகளுக்குக் கண் கிடையாது. அது ரத்தம் போகிற இடமெல்லாம் போகிறது. தற்செயலாகக் கட்டிக்குள் நுழைந்து, தற்செயலாக அந்தச் செல்லை முட்டினால் மட்டுமே பூச்சு பயன்படும். அப்போது ஒட்டிக்கொள்ளவும் உள்ளே போகவும் உதவும். ரத்தப் புரதங்கள் துகளைச் சுற்றிப் படிந்து அந்தப் பூச்சையே மூடிவிடுவதும் உண்டு. அதைத் தடுக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைத் துகள்மேல் நட்டால், அந்த இழைகளே செல்லோடு ஒட்டுவதைக் கெடுக்கின்றன. சிலரின் உடல் அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்குகிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்புகிற விவகாரம் இது.

எலி ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இங்கேதான் புரியும். இருபது கிராம் எலிக்கு ஒரு கிராம் கட்டியை இரண்டு மூன்று வாரத்தில் வளர்த்துவிடுகிறார்கள். உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு. மனிதருக்கு அந்தக் கணக்கில் மூன்று கிலோ கட்டி வேண்டும். இவ்வளவு வேகமாக வளர்ந்த கட்டியின் குழாய்கள் பெரிதும் ஒழுகும், துகளும் நிறையவே போய்ச் சேரும். மனித மார்பகத்தில் பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்த, நார் இறுகிய கட்டி வேறு சமாச்சாரம்.

2016-இல் நின்றுபோன சோதனை

மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. புற்றுநோய் மருந்து எம்.ஆர்.எக்ஸ்.34. மிர்-34ஏ மிமிக்கை லிபோசோம் என்ற கொழுப்புக் குமிழுக்குள் வைத்த மருந்து. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இருந்த மிர்னா தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் 2013-இல் முதல்கட்டச் சோதனையைத் தொடங்கியது. கல்லீரல், சிறுநீரகம், தோல் என்று பலவகைப் புற்றுநோய் முற்றிய 85 பேர் மருந்து பெற்றார்கள். மூன்று பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. வேறு வழி எதுவும் எடுபடாத நோயாளிகளிடம் அதுவே நம்பிக்கை தரும் விஷயம்தான். ஆனால் காய்ச்சலும் நடுக்கமும் இவ்வளவு கடுமையாக வந்ததால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் நோயெதிர்ப்பு மண்டலம் சார்ந்த தீவிரப் பக்கவிளைவுகள் ஐந்து பேருக்கு வந்தன, நான்கு பேர் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு நிறுவனமும் வேறொன்றோடு இணைந்துவிட்டது.

மிர்-34ஏ ஆபத்தானது என்று இதிலிருந்து முடிவுகட்டியவர்கள் உண்டு. எனக்கு அது அவசரமான முடிவாகப் படுகிறது. நோயாளிகளின் வெள்ளை அணுக்களைச் சோதித்தபோது, மிர்-34ஏயின் இலக்கு மரபணுக்கள் அங்கே இறங்கியிருந்தன. அதாவது மருந்து வேலை செய்திருக்கிறது, தப்பான செல்லில். லிபோசோம் அந்தச் செல்களுக்குத்தான் எளிதாகப் போய்ச் சேரும் என்பது நமக்கு இப்போது தெரிந்த விஷயம். உள்ளே இருந்த இழையும் பெரிய வேதியியல் மாற்றம் செய்யப்படாத இரட்டை இழை. நோயெதிர்ப்பு ஏற்பிகள் வைரஸ் என்று நினைக்கக்கூடிய உருவம். சீக்கிரம் சிதையும் என்பதால் அளவையும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். கொழுப்பு, இழை, அளவு இந்த மூன்றில் எது எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றும் சேர்ப்பு முறை பற்றிய கேள்விகள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இதற்கு அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவிலிருந்து சற்று ஆறுதலான செய்தி வந்தது. நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் கொண்டவர்களுக்கு, பாக்டீரியாவிலிருந்து எடுத்த உயிரற்ற குட்டிக் கூடுகளுக்குள் மிர்-16 மிமிக்கை வைத்துக் கொடுத்தார்கள். மேலே இ.ஜி.எஃப்.ஆரைப் பற்றும் ஆன்டிபாடி. மதிப்பிட முடிந்த 22 பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, 15 பேருக்கு நோய் முன்னேறாமல் நின்றது. மார்பகப் புற்றுநோய் இல்லைதான். ஆனாலும் மிமிக்கை மனிதர் தாங்க முடியும் என்று அது காட்டியது.

இடத்தை மாற்றிப் பார்த்தவர்கள்

இந்தத் தடைகளை நேருக்கு நேர் மோதி உடைப்பதை விட்டுவிட்டு, அவை குறைவாக இருக்கும் இடத்தைத் தேடிப் போனவர்களிடம்தான் எனக்கு அதிக நம்பிக்கை.

எம்.ஐ.டி.யில் நடாலி ஆர்ட்சியின் குழு ரத்த வழியையே கைவிட்டது. 2016-இல் அவர்கள் விவரித்த முறையில், கட்டியின்மீதே தடவும் ஒட்டும் ஜெல்லுக்குள் நானோதுகள்கள் இருக்கும். துகளுக்குள் மூன்று இழை முறுக்கு: இரண்டு இழைகள் சேர்ந்து குறைந்துபோன மிர்-205-க்கு மிமிக், மூன்றாவது கூடிப்போன மிர்-221-க்கு ஆன்டிமிர். ஜெல் மெல்லக் கரைந்து, துகள்களை அங்கேயே விடும். டிரிபிள் நெகட்டிவ் கட்டி கொண்ட எலிகளில் இரண்டு வாரத்தில் கட்டி ஏறக்குறைய 90 சதவீதம் சுருங்கியது. மூலக்கட்டியை அறுத்து எடுத்த இடத்தில் மிச்சம் மீதியை ஒழிக்க இது பொருத்தமான வழியாகத் தெரிகிறது. ஏற்கெனவே பரவிவிட்ட நோய்க்கு உதவாது.

பரவிய நோய்க்கு வேறொரு குழு போனது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்ட்ராவ்கா மெடரோவாவும் அன்னா மூரும் சுமார் 20, 30 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்ஸைடு துகளை எடுத்து, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பூச்சு கொடுத்து, அதன்மேல் மிர்-10பிக்கான ஆன்டிமிரை இணைத்தார்கள். இந்தத் தேர்வு ஒவ்வொன்றிலும் யோசனை இருக்கிறது. இலக்கு பரவலை நடத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆன்டிமிர் என்பதால் இழையை நன்றாக உரமேற்ற முடிந்தது, ஆர்கோநாட் கட்டுப்பாடு இல்லை. இரும்பு ஆக்ஸைடு துகள் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும், ஆகவே மருந்து போய்ச் சேர்ந்ததா என்று ஊகிக்க வேண்டாம். டெக்ஸ்ட்ரான் பூசிய இத்தகைய துகள்கள் நிணநீர் முடிச்சுகளில் சேரும் என்பது பழைய அனுபவம். மார்பகப் புற்றுநோய் முதலில் எட்டிப்பார்ப்பதும் பெரும்பாலும் அங்கேதான். துகள் இயல்பாகப் போகும் இடமும் நோய் இருக்கும் இடமும் ஒன்றாகிவிட்டன.

2013-இல் இது எலிகளில் நிணநீர் முடிச்சுக்குப் பரவுவதைத் தடுத்தது. 2015-இல் குறைந்த அளவு டாக்சோரூபிசின் என்ற கீமோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஏற்கெனவே பரவியிருந்த கட்டிகளும் மறைந்தன. இரண்டும் ஏன் தேவைப்பட்டது? மிர்-10பி போனதும் பரவிய செல் உயிர்வாழத் தடுமாறுகிறது, ஆனால் பிரிவதை உடனே நிறுத்துவதில்லை. கீமோதெரபி பிரியும் செல்லை அடிக்கும். இரண்டும் சேரும்போது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த கீமோ போதுமானதாக இருந்தது. டிரான்ஸ்கோட் தெரபியூட்டிக்ஸ் என்ற நிறுவனம் இதை டி.டி.எக்ஸ்-எம்.சி.138 என்ற பெயரில் மனிதரிடம் கொண்டுவந்தது. முதலில் கதிரியக்கத் தாமிரம் ஒட்டிய மிகச் சிறு அளவைக் கொடுத்து, பரவிய இடங்களில் அது சேருகிறதா என்று படம் பிடித்தார்கள். 2024-இல் முதல்கட்டச் சோதனை தொடங்கியது. மருந்து எங்கே போகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அளவைக் கூட்டும் இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா கசின்ஸ்கி இன்னும் ஒருபடி போய் நானோதுகளையே தூக்கி எறிந்தார். 2017-இல் அவரது குழு மிர்-34ஏ இழையின் நுனியில் நேரடியாக ஃபோலேட் மூலக்கூறை ஒட்டியது. பல டிரிபிள் நெகட்டிவ் செல்கள் ஃபோலேட் ஏற்பியை அதிகமாக வைத்திருக்கும். உறை இல்லாததால் பொருள் சிறியது, கட்டிக்குள் ஊடுருவுவது சுலபம், கல்லீரலில் தேங்குவதும் குறைவு. இழை சீக்கிரம் சிதைவதே குறையாக இருந்தது. 2023-இல் ஆர்கோநாட் ஏற்றுக்கொள்ளும் விதத்திலேயே இழை முழுவதையும் வேதியியல் மாற்றம் செய்து அதையும் பெருமளவு சரிசெய்தார்கள். மிமிக்கை உரமேற்றவே முடியாது என்ற பழைய வரம்பு இதனால் தளர்ந்திருக்கிறது. ஆனால் சிறியது என்பதால் சிறுநீரகம் வேகமாக வெளியேற்றும், எண்டோசோமிலிருந்து தப்ப உதவும் கொழுப்பும் கூட வராது. அந்த 1, 2 சதவீதச் சிக்கல் இங்கே இன்னும் கூர்மையாகவே நிற்கிறது.

அடுத்து வரும் செய்திகளைப் படிக்கும்போது கட்டி எத்தனை சதவீதம் சுருங்கியது என்பதைவிட வேறு மூன்று விஷயங்களைத் தேடுவது பலன் தரும். செலுத்தியதில் எவ்வளவு புற்றுநோய்ச் செல்லுக்குள்ளேயே போனது என்று அளந்திருக்கிறார்களா, கட்டியில் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்களா? கட்டித் திசுவை எடுத்துப் பார்த்து, இலக்கு மரபணு நிஜமாகவே மாறியிருப்பதைக் காட்டினார்களா? மிர்-10பியை முடக்கினால் ஹாக்ஸ்டி10 ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் கட்டி சுருங்கியதற்கு வேறு காரணம் இருக்கிறது. எம்.ஆர்.எக்ஸ்.34 விஷயத்தில் இந்தச் சான்று வெள்ளை அணுக்களில்தான் பெரும்பாலும் கிடைத்தது, கட்டியிலிருந்து திசு எடுப்பது நோயாளிக்குச் சிரமம் என்பதால். மூன்றாவது, ரத்தத்தில் நோயெதிர்ப்புத் தூண்டிகளின் அளவு. மனிதக் காவல் ஏற்பிகள் எலியைவிடச் சீக்கிரம் சினம்கொள்பவை. எலியில் அமைதியாக இருந்த மருந்து மனிதரில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய, தனியாக எடுத்த மனித ரத்தத்திலாவது முன்கூட்டிச் சோதித்திருக்க வேண்டும்.